முகத்துக்கு லேசரா, ஊசியா? பணம் கட்டும் முன் டெல்டாக்காரர்கள் பார்க்க வேண்டியவை

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும் இப்போது ஒரு ஸ்கின் கிளினிக் போர்டு கண்ணில் படுகிறது. மங்கு, பருக்குழி, தாடை முடி, நெற்றிக்கோடு எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் இல்லாமல் தீர்வு என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு மங்கு, எனக்குத் தாடையில் முடி. இரண்டுக்கும் சேர்த்து கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் திருச்சிக்குமாக அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். எந்தக் காகிதத்தைக் கேட்பது, எந்த மாதம் போவது, எங்கே காசு வீணாகும் என்பதைச் சொல்கிறேன்.

எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பெயர் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். நோயின் பெயர், டாக்டரின் பெயர், மருந்தின் பெயர், மெஷினின் பெயர். நான்கும் தாளில் வர வேண்டும்.

1. முதலில் நோயின் பெயர் தெரியட்டும்

முகத்தில் கருப்பு என்றாலே மங்கு என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கன்னம், நெற்றி, மேலுதட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படர்ந்தால் அது பெரும்பாலும் மங்குதான். ஆனால் தலைமுடி ஓரமாக நெற்றியிலும் காது அருகிலும் சாம்பல் கலந்த கருப்பு வந்தால், தலைக்குப் பூசும் டை ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெளுப்பதும் கறுப்பதும் அந்தப் பசையின் வேலை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் அது இன்சுலின் சம்பந்தப்பட்டது. அதற்கு லேசர் அடிப்பதற்கு முன்னால் சர்க்கரை டெஸ்ட் எடுக்க வேண்டும். டை-யை நிறுத்தாமல் லேசர் அடித்தால் லேசர் காசு போச்சு, கருப்பும் போகாது.

தாடையில் முடி திடீரென்று கூடினாலும், மாதவிலக்கு தள்ளிப்போனாலும் முதலில் பி.சி.ஓ.எஸ்., அதாவது நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் ஹார்மோன் கோளாறு, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதைக் கவனிக்காமல் லேசர் எடுத்தால் ஒரு பக்கம் குறையக் குறைய மறுபக்கம் புதிதாக முளைக்கும்.

இந்த முதல் படிக்குத் தனியாரிடம் போக வேண்டிய கட்டாயமே இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி நான்கிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் பிரிவு ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். காரைக்கால் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் உண்டு. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் போனால் கூட்டத்தில் சிக்குவீர்கள். அங்கே எழுதித் தரும் நோயின் பெயர்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதன்பிறகு தனியார் கிளினிக் படி ஏறுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த டியூபையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் வரும், நிறுத்தினால் எரியும். அந்தத் தோலில் லேசர் அடிப்பது ஆபத்து. டியூபைப் பார்த்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மாசமா?" என்பதாகத்தான் இருக்கும்.

2. டாக்டரும் இடமும்

தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. டி.வி.எல்., அல்லது டி.டி.வி.எல்., அல்லது அதே துறையில் டி.என்.பி. படித்திருக்க வேண்டும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஏஸ்தெடிக் எக்ஸ்பர்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் நின்று விசாரியுங்கள். போர்டில் பதிவு எண் இருக்கும். அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலோ போட்டுப் பார்க்கலாம். காசில்லை, ஐந்து நிமிட வேலை. எண் போர்டிலும் இல்லை, மருந்துச் சீட்டிலும் இல்லை என்றால் அதுவே பதில்.

கிளினிக்குக்கும் தனிப் பதிவு உண்டு. 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி தனியார் கிளினிக்குகள் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், அதாவது நம் ஊரில் ஜே.டி. ஆபீஸ் என்று சொல்வோமே, அங்கே தருகிற சான்றிதழை வரவேற்பறையில் பார்வைக்கு வைத்திருப்பார்கள். பியூட்டி பார்லரில் அது இருக்காது. பார்லரில் ஃபேஷியல் செய்துகொள்ளுங்கள், த்ரெட்டிங் செய்துகொள்ளுங்கள், ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன ஊர்களில் ஸ்பெஷலிஸ்ட் வாரம் ஒரு நாள் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருவார். மற்ற ஆறு நாளும் லேசர் ஓடிக்கொண்டிருக்கும். எனவே இரண்டு கேள்வி: மெஷினைக் கையில் பிடிக்கப்போவது யார்? செவ்வாய்க்கிழமை முகம் பொத்துப்போனால் புதன்கிழமை என்னைப் பார்ப்பது யார்? இரண்டாவது கேள்விக்கு "ஃபோன்ல கேட்டுச் சொல்றோம் மேடம்" என்று பதில் வந்தால் முடி எடுக்கும் லேசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபில்லர், அதாவது குழியையும் சுருக்கத்தையும் நிரப்ப ஊசியில் போடும் ஜெல், அதன் பக்கம் போகவே வேண்டாம்.

3. மருந்தின் பெயர், மெஷினின் பெயர்

ஒரு கிளினிக் வரவேற்பறையில் நடந்தது இது.

"எந்த லேசர்மா?"

"எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு லேசர் மேடம்."

"சரி, பேர் என்ன?"

"அது டாக்டருக்குத்தான் தெரியும் மேடம். நீங்க பேக்கேஜ் கட்டிட்டா டாக்டர் எக்ஸ்ப்ளைன் பண்ணுவாங்க."

கட்டினால்தான் பெயர் சொல்வார்களாம். வெளியே வந்துவிட்டோம்.

'எஃப்.டி.ஏ.' என்பது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த எழுத்துகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்காவில் தோல் லேசர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது சமமானது என்ற அடிப்படையில் விற்பனைக்கு அனுமதி பெறுபவை. உங்கள் மங்கு போகும் என்று யாரோ நிரூபித்துவிட்டார்கள் என்பது அதற்குப் பொருளாகாது.

கேட்க வேண்டியது அலைநீளம். லேசர் ஒளி நிறத்தைத் தேடிப் போய்ச் சூடேற்றுகிறது. முடியின் கருப்பைத் தேடி வரும் ஒளிக்கு நம் தோலின் கருப்பும் தெரியும். அங்கேதான் பொசுங்கல் வருகிறது. தோல் நிறத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை வகை பிரிக்கிறார்கள், நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. அலைநீளம் கூடக்கூட ஒளி மேல்தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போகும். ஆகவே 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர் கருத்த தோலுக்குப் பாதுகாப்பானது, 800 சொச்சம் உள்ள டயோடு நடுத்தரம், 755 உள்ள அலெக்சாண்ட்ரைட் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியது. ஐ.பி.எல். என்பது லேசரே இல்லை, பல அலைநீளம் கலந்த பளிச்சொளி. கருத்த தோலில் சுட்டுவிடும் வாய்ப்பு அதிகம். "எங்ககிட்ட ஐ.பி.எல். லேசர் இருக்கு" என்று யாராவது சொன்னால் அவருக்கே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி என்றால் குப்பி. நெற்றிக்கோடு போன்ற சுருக்கங்களுக்குப் போடும் போடாக்ஸ் வகை மருந்துகள் பொதுவாக 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டியவை. கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரர்களுக்கு இதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்பது அசிங்கம் இல்லை. குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் 'யூனிட்' இன்னொரு கம்பெனியின் யூனிட்டுக்குச் சமம் இல்லை. அதனால் "போன தடவை 20 யூனிட், இங்கே 50 சொல்றாங்களே" என்று கணக்குப் போடும் முன் பெயரைப் பாருங்கள். போலி மருந்து நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2024-ல் அமெரிக்காவிலேயே போலி போடாக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

ஃபில்லர் பெட்டிக்குள் ஒட்டும் சீட்டு ஒன்று இருக்கும், லாட் எண் அச்சடித்தது. அதைப் பிய்த்து உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் கேட்காமலே ஒட்டுவார்.

4. ஆய்வு என்ன சொல்கிறது என்று நீங்களே பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் பார்க்கும் பப்மெட் என்ற இலவசத் தளத்தில் நோயின் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் ஆங்கிலத்தில் அடியுங்கள். பக்கவாட்டில் 'சிஸ்டமேட்டிக் ரிவியூ', அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் தொகுப்பு, என்பதைத் தேர்ந்தெடுங்கள். காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்புகளில் மருத்துவம் படிக்காதவர்களுக்கான எளிய சுருக்கமும் இருக்கும். முடிவுரையை மட்டும் படித்தால்கூடப் போதும்.

நாங்கள் பார்த்தவரை, சிகிச்சைக்குச் சிகிச்சை ஆதாரத்தின் கனம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் வகை ஊசிக்கு ஆதாரம் கெட்டி. 2021-ல் காக்ரேன் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, ஏறக்குறைய 15,000 பேர். சுருக்கம் குறைவது உண்மை; இமை தொங்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவதும் உண்மை. பலன் மூன்று நான்கு மாதம்தான், பிறகு மறுபடி போட வேண்டும்.

மங்குக்கு? 2010-ல் வந்த காக்ரேன் தொகுப்பில் 20 ஆய்வுகள், 2,125 பேர். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த க்ரீம், ஹைட்ரோகுயினோனைத் தனியாகப் போடுவதைவிட மேல் என்றார்கள். கூடவே ஆய்வுகளின் தரம் போதாது என்றும் குறை சொன்னார்கள். இந்த மூன்று சேர்ந்த க்ரீம் டாக்டர் சொல்லும் வாரக் கணக்குக்கு மட்டும் போட வேண்டியது; மேலே ஸ்டீராய்டு பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். லேசர் டோனிங், அதாவது குறைந்த சக்தியில் பல சிட்டிங்காக லேசர் அடிப்பது, எடுத்தால் நிறம் குறைகிறது, நிறுத்திச் சில மாதத்தில் திரும்ப வருகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு வரும் பாட்டு. அளவு மீறி அடித்தால் கன்னத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி விழும் என்பதும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பொறுப்பான டாக்டர்கள் சன்ஸ்க்ரீன், க்ரீம், தேவைப்பட்டால் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை என்று போய், லேசரைக் கடைசியில் வைக்கிறார்கள். நாத்தனாருக்கு லேசர் வேண்டாம் என்று முதலில் சொன்னவரே லேசர் மெஷின் வைத்திருந்த டாக்டர்தான். அவரிடமே தொடர்ந்தோம்.

அந்த மாத்திரை பற்றி ஒன்று. இரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்டது அது. காலில் இரத்தக்கட்டு வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா, வீட்டு விசேஷம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதையும் சொல்லுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்; நீங்களாகச் சொல்ல வேண்டும்.

முடி எடுக்கும் லேசரில் பலன் உண்டு. ஆனால் எஃப்.டி.ஏ. அனுமதிக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. நிரந்தரமாக முடியே இல்லாமல் போகும் என்று விளம்பரம் சொன்னால் பொய். நரைத்த முடிக்கு வேலை செய்யாது, ஒளி தேடிப்போக அங்கே கருப்பு இல்லை. தெற்காசியப் பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும் லேசருக்குப் பிறகு ஓரங்களில் முடி கூடுவதும் நடக்கிறது. இதை என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

'க்ளூட்டா ஊசி' என்று நிறத்துக்குப் போடும் குளூட்டத்தயோன் டிரிப்புக்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் இரண்டு நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் நிறத்துக்காகப் போடும் ஊசிகளைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் பத்து டிரிப் என்று பேக்கேஜ் போடும் இடத்தில் மற்ற சிகிச்சைக்கும் போகாதீர்கள் என்பது என் கருத்து.

பி.ஆர்.பி., அதாவது நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி முகத்திலோ தலையிலோ போடுவது. ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாகத் தயாரித்திருப்பதால் ஒப்பிடவே சிரமம். ஆனால் சுத்தம் கட்டாயம் என்பதில் சந்தேகமே வேண்டாம்: அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இப்படி முகத்துக்குச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை 2024-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. ஊசி, குழாய், டியூப் எல்லாம் புதிது என்று கண்ணால் பாருங்கள். டியூபில் உங்கள் பெயர் எழுதுகிறார்களா என்று பாருங்கள்.

ஆய்வுத்தாளைப் படிக்கும்போது இதைத் தேடுங்கள்: எத்தனை பேர், எந்தத் தோல் நிறம், எதோடு ஒப்பிட்டார்கள், சிகிச்சை முடிந்து எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள், பணம் கொடுத்தது யார். வெள்ளைத் தோலில் செய்த ஆய்வு நமக்குப் பாதிதான் பொருந்தும். முகத்தின் ஒரு பாதிக்கு ஒன்று, மறுபாதிக்கு வேறொன்று என்று செய்யும் ஆய்வுகள் உண்டு. மற்ற எல்லாம் சமமாக இருப்பதால் அவை பார்க்கத் தகுந்தவை.

பழைய விதிகளும் மாறும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டால் ஆறு மாதம் எந்த லேசரும் கூடாது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். முடி எடுக்கும் லேசர், மேலோட்டமான பீல் (ஆசிட் பூசித் தோலின் மேல்படலத்தை உரிப்பது) போன்றவற்றுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையான ஆதாரம் இல்லை என்று 2017-ல் வந்த ஆய்வுத் தொகுப்புகள் சொல்லின. ஆழமாகத் தோலைச் செதுக்கும் சிகிச்சைகளுக்கு இந்தத் தளர்வு இல்லை. உங்கள் டாக்டர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேளுங்கள்.

5. ஆய்வில் சேரச் சொன்னால்

மருத்துவக் கல்லூரி தோல் பிரிவில் காட்டும்போது, மேற்படிப்பு மாணவர் யாராவது "ஒரு ஸ்டடி நடக்கிறது, சேர்கிறீர்களா" என்று கேட்கக்கூடும். பயப்பட வேண்டாம், கையெழுத்தும் அவசரப்பட்டுப் போட வேண்டாம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி எண்ணும் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணும் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளுக்கான அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும் என்பது விதி. பாதிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்பது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். நடுவில் எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. ஆய்வுக்கான சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை, வியாபாரம்.

6. எந்த மாதம் தொடங்குவது

கல்யாணப் பெண்களும் மாப்பிள்ளைகளும் இதைக் கவனியுங்கள். முடி எடுக்க முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு முதல் எட்டு சிட்டிங் ஆகும். தை முகூர்த்தம் என்றால் ஆறு சிட்டிங்குக்கே ஆடியில் தொடங்கியிருக்க வேண்டும். மார்கழியில் வந்து "தைக்குள்ள முடியுமா" என்று கேட்டால் முடியும் என்பார்கள், முடியாது. போடாக்ஸ் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். ஃபில்லர் வீக்கமும் நீலமும் வடிய ஒன்றிரண்டு வாரம். எதையும் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை, குறிப்பாக அக்னி நட்சத்திரத்தில், முகத்தில் லேசரோ பீலோ புதிதாகத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டம் நமக்குச் சாதகம். வயல் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சாகுபடிக் காலண்டரோடு பொருத்திப் பாருங்கள்: குறுவை நடவு, தை மாசியில் சம்பா அறுவடை, களத்தில் நெல் காயவைக்கும் நாட்கள் இவை எல்லாம் நாள் முழுக்க வெயில். சம்பா நடவு முடிந்த பிறகு அறுவடைக்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் உங்களுக்கு வாய்த்த நேரம். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால் போடாக்ஸ், ஃபில்லர் வேண்டாம். மங்கு கர்ப்பத்தில் வந்ததானால் பிரசவத்துக்குப் பின் தானாகவே மங்குவதும் உண்டு, பொறுங்கள்.

7. செலவு

நாங்கள் விசாரித்தபோது நம் பக்கத்தில் சொன்ன தொகைகள் இவை. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறும். டாக்டர் ஃபீஸ் 300 முதல் 600 ரூபாய். தாடை, மேலுதட்டு முடிக்கு ஒரு சிட்டிங் 1,500 முதல் 3,000. லேசர் டோனிங் ஒரு சிட்டிங் 3,000 முதல் 5,000. போடாக்ஸ் யூனிட்டுக்கு 250 முதல் 400. புருவ நடுவுக்கு மட்டும் 20 யூனிட் வாக்கில் போகும். ஃபில்லர் ஒரு மில்லி 18,000-க்குக் கீழ் யாரும் சொல்லவில்லை. ரொம்ப மலிவாகச் சொன்னால் மருந்தை அதிகம் தண்ணீராக்குகிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

போர்டில் தெரியாத செலவு சன்ஸ்க்ரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்தால் ஒரு வேளைக்குச் சுமார் ஒரு கிராம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை போட்டாலே 50 கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டாது. ஒரு டியூப் ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் போடவே இல்லை என்று அர்த்தம். மங்குக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான மரநிறச் சாயல் உள்ள சன்ஸ்க்ரீன் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்கவைக்கும், வெள்ளை சன்ஸ்க்ரீன் பெரும்பாலும் அதைத் தடுக்காது.

சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி. சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள், கடைசியில் வரி தனியாக வந்து நிற்கும். மெடிக்ளெய்மில் அழகுச் சிகிச்சை வராது. எட்டு சிட்டிங் பேக்கேஜ், இன்றே கட்டினால் பாதி விலை, இ.எம்.ஐ. வசதி என்று ஆசை காட்டுவார்கள். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்குக் கட்டுவதே நல்லது. கட்டாயம் பேக்கேஜ்தான் என்றால், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இ.எம்.ஐ. என்பது கிளினிக்கிடம் வாங்கும் கடன் இல்லை, வேறொரு நிதி நிறுவனத்திடம் வாங்குவது. கிளினிக் மூடினாலும் தவணை ஓடும்.

8. போகிற அன்று

ஃபைலில் இருக்க வேண்டியவை: ஓ.பி. சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், பூசும் க்ரீம்கள், எடுத்த இரத்தப் பரிசோதனைகள். வாய் ஓரத்தில் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமென்றால் சொல்லுங்கள், லேசர் அதைக் கிளப்பிவிடும். காது குத்திய இடம் தடித்துப்போனவர்கள் அதையும் காட்டுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் நான்கு வாரத்துக்கு முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்ஸிங், பிடுங்குவது கூடாது. வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. ஷேவ் செய்யலாம். "ஷேவ் பண்ணினா தடிமனா வளரும்" என்று அம்மா சொல்வார்கள், வளராது.

வீட்டில் ஒரே ஜன்னல், ஒரே நேரம், மேக்கப் இல்லாமல் மூன்று பக்கமும் உங்கள் ஃபோனில் படம் எடுங்கள். கிளினிக்கில் எடுக்கும் 'முன்', 'பின்' படங்களில் விளக்கு மாறிவிடும்.

ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டு ஒரு நகல் வாங்குங்கள். லேசரில் முதலில் காது பின்னால் அல்லது தாடை ஓரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படி மூன்று புள்ளி அடித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர்; நம் தோலில் கருப்பு மெதுவாகத்தான் ஏறுமாம். அடிக்கும்போது முடி கருகும் வாசனை வரும், ரப்பர் பேண்ட் சுண்டினது மாதிரி இருக்கும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணுக்கு மூடி போடாமல் தொடங்க விடாதீர்கள். மரக்கச் செய்யும் க்ரீமை வீட்டிலிருந்தே பூசிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். அளவு மீறினால் அதுவே ஆபத்து.

முடிந்ததும் கார்டில் எழுதி வாங்க வேண்டியது: அலைநீளம், ஜூல் அளவு (லேசரின் சக்தி), ஸ்பாட் அளவு (ஒளி விழும் வட்டத்தின் அகலம்), தேதி, அடித்தவர் பெயர். ஊர் மாறினால் அடுத்த டாக்டருக்கு இந்த ஒரு வரி போதும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

லேசருக்குப் பின் ஒரு வாரம் மஞ்சள், கடலைமாவு, எலுமிச்சை, ஆவி எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் அதுவே தோலைப் பொசுக்கிக் கறுக்கவைக்கும். டூவீலரில் துப்பட்டா மட்டும் கட்டினால் போதாது, அதற்கடியில் சன்ஸ்க்ரீன் வேண்டும். விறகடுப்பு முன் நெடுநேரம் நிற்பதைக் குறையுங்கள், சூடும் மங்குக்கு ஆகாது. பொருக்கு வந்தால் பிய்க்காதீர்கள். போடாக்ஸ் போட்டுக்கொண்டு திருச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தித் தூங்காதீர்கள். முதல் நான்கு மணி நேரம் தேய்க்கவோ படுக்கவோ கூடாது என்பார்கள்.

ஃபில்லருக்கு இது தனி. போடுவதற்கு முன் "ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஃபில்லர் தவறி இரத்தக்குழாயை அடைத்தால் அதைக் கரைக்கும் மருந்து அதுதான். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போட்டபின் தோல் வெளுத்தோ வலைபோல் நீலம் பாரித்தோ தெரிந்தால், வலி ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே திரும்பப் போக வேண்டும். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கண் சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு. வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ திருச்சிக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறவர்கள் அன்றிரவு திருச்சியிலேயே தங்குங்கள்.

10. கோளாறு ஆனால்

முதலில் படம் எடுங்கள், தேதியோடு. பிறகு அதே டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் காட்டி க்ரீம் பெயர் வாங்குவதோடு நிற்காதீர்கள். திருப்தி இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி தோல் பிரிவில் இரண்டாவது கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டால் "சிஸ்டம் டவுன்" என்பார்கள். பதிவுத் தபாலில் கேளுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பக்கவிளைவு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் பதியலாம். பேட்ச் எண் படம் அங்கே கைகொடுக்கும். டாக்டர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், கிளினிக் பதிவு பற்றி என்றால் ஜே.டி. ஆபீஸ்.

பணம் திரும்ப வேண்டும், இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 என்ற எண்ணில் கூப்பிட்டு வழி கேட்கலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. 2019 சட்டத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னையில் சிகிச்சை எடுத்திருந்தாலும் தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ வழக்கு நடத்தலாம். பில், ஒப்புதல் படிவ நகல், கார்டு, படங்கள், பதிவுத் தபால் ரசீது இவற்றை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். பில் இல்லாமல் ஜி-பே-யில் யாருடைய சொந்த எண்ணுக்கோ அனுப்பியிருந்தால், வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியைக் குறித்து எடுத்துப் போங்கள்.